சூரை மீன் மேல் போட்ட பழி

என் மனைவி மூச்சுக்குத் தவித்துக் கிடந்த நேரத்தில் மருத்துவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். பதற்றத்தில் வாய் குழறி வந்த பொய்யில்லை. கேள்வி புரிந்தது, பதிலும் தெரிந்தது, தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். தேனீ வளர்க்கிறவன், அதன் குணம் அறிந்தவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் கெட்டுவிடக் கூடாது என்று சொன்ன பொய் அது. இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று மகன் கேட்டான். எழுதட்டும் என்றவள் என் மனைவி. எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். எனக்குச் சாதகமாக நான் வளைத்திருந்த இடங்களைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாள். திருத்தியிருக்கிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி இருக்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்திலேயே பெட்டியில் தேனீ வளர்க்கும் பழக்கம் இந்தப் பகுதிக்கு வந்துவிட்டது. தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது துளிரிலையின் காம்பில் இனிப்பு கசியும். எங்கள் தேனில் பெரும்பகுதி அதுதான்; பூவுக்கு அதில் வேலையில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, அடைக்குள் புழுக்கள் பைபோல உப்பிச் செத்தன. என் அப்பாவின் பெட்டிகளும் அதில் காலியாயின. பிறகு கூட்டம் பிடித்து வைத்து, பிரித்து, மறுபடி பெருக்கியவன் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

கர்வம் எந்த வடிவத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு யார் வந்தாலும் முகவலை இல்லாமல் பெட்டியைத் திறந்து காட்டுவேன். கையில் கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுண்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வேன். வந்தவருக்குக் கொட்டிவிட்டால், "நல்லதுதான், வாதம் போகும்" என்பேன். அவர் கை மறுநாள் வீங்கி, காட்ட வந்தால் சிரிப்பேன். பயந்தவனுக்குத்தான் வீங்கும் என்பது என் கட்சி. என் உடம்புக்கு எது நடக்கிறதோ அதுதான் எல்லார் உடம்புக்கும் நடக்கும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் நம்பினேன்.

நடப்பதோ வேறு. ஆண்டு முழுக்க ஏராளமாகக் கொட்டு வாங்குகிற தேனீக்காரனின் ரத்தத்தில், நஞ்சை மறித்துப் பிடிக்கிற ஒரு வகை எதிர்ப்புப் புரதம் பெருகிவிடுகிறது. வீக்கம் குறைகிறது. அது பழக்கத்தால் வந்த கொடுப்பினை. வீரம் ஒன்றும் அதில் இல்லை. எப்போதோ ஒன்றிரண்டு கொட்டு வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு வருவதில்லை. அவர்களில் சிலருக்கு உடம்பு எதிர்த்திசையில் தயாராகிறது. அடுத்த கொட்டுக்கு வெறிகொண்டு பாயக் காத்திருக்கிறது. தேனீ வளர்ப்பவரின் வீட்டு ஆட்களிடம் இந்த ஒவ்வாமை கூடுதலாகக் காணப்படுகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அவர்கள் பெட்டி அருகிலேயே நடமாடுகிறார்கள், இடைக்கிடை கொட்டு வாங்குகிறார்கள். சட்டையிலும் வலையிலும் ஒட்டி வருகிற நஞ்சின் துகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். என் சட்டையையும் முகவலையையும் இத்தனை காலம் துவைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் எச்சரிக்கை வந்தது அந்தத் துணி துவைக்கிற கல்லருகில்தான். சட்டை மடிப்புக்குள் இருந்த தேனீ ஒன்று அவள் விரலில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் வயிற்றிலும் தொடையிலும் தடிப்புத் தடிப்பாக, காணாக்கடி போல எழும்பியது. முகம் சிவந்தது. கண்ணிமை வீங்கியது. "இஞ்ச பாருங்க, விரல்லதான கொட்டுச்சு, வயித்துல எதுக்கு இப்படி வருது?" என்று கேட்டாள்.

எவ்வளவு சரியான கேள்வி! நோயறிதல் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கொட்டிய இடத்தில் என்ன வந்தாலும், கை முழுக்க வீங்கினால்கூட, அது ஒரு வகை. கொட்டாத இடத்தில் வந்தால் அது வேறு வகை. படித்த மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். நானோ மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தேன். சூரை மீன் குழம்பு. "சூரை சேரல ஒனக்கு" என்றேன். கெட்டுப்போகத் தொடங்கிய சூரை உண்மையிலேயே தடிப்பும் சிவப்பும் கொண்டுவரும் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் அதே குழம்பை நானும் தின்றேன், அம்மாவும் தின்றாள், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு செட்டிரிசின் மாத்திரையில் தடிப்பு அடங்கியது. அதன் பிறகு எங்கள் வீட்டில் சூரை வாங்குவதே நின்றுபோயிற்று. அவளுக்கு மிகவும் பிடித்த மீன் அது. செய்யாத குற்றத்துக்கு மீனும், செய்யாத தவறுக்கு அவளும் தண்டனை அனுபவித்தார்கள்.

இந்த இடத்தில் முதலில் நான், "அவள் சொன்னதை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். "கவனிச்சீங்க. கவனிச்சுட்டுச் சிரிச்சீங்க" என்றாள். அதுதான் உண்மை.

நான் அடையாளம் காணாமல் விட்டது என்ன என்று இப்போது தெரியும். பெரும்பாலானவருக்குக் கொட்டிய இடத்தில் சுருக்கென்ற வலி, சிவப்பு, கொஞ்சம் வீக்கம், பிறகு அரிப்பு. சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் தீரும். சிலருக்கு வீக்கம் 10 சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவும். விரலில் கொட்டினால் முழங்கை வரை ஏறும். ஒன்றிரண்டு நாள் கூடிக்கொண்டே போய், அடங்க ஒரு வாரம்கூட ஆகும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சீழ் பிடித்துவிட்டதென்று ஆன்டிபயாடிக் விழுங்கவும் பெரும்பாலும் தேவையில்லை. மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரிலோ துணி சுற்றிய ஐஸிலோ ஒத்தடம் கொடுத்து, கையைத் தூக்கி வைத்திருந்தால் போதும். இவர்களைப் பார்த்துச் சிரித்ததும் என் தவறுதான் என்றாலும் உயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மூன்றாவது வகைதான் என் வீட்டில் வந்தது. உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்முதல், மூச்சில் விசில் சத்தம், வயிற்றைப் பிசைந்து வாந்தி, தலை சுற்றி மயக்கம். இவை எல்லாம் வர வேண்டும் என்பதில்லை. தடிப்பே இல்லாமல் நேரே மயக்கத்துக்குப் போகிறவர்களும் உண்டு. 1902ல் ஷார்ல் ரிஷே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞரும் அவர் நண்பர் போர்ட்டியேவும் கடல் அனிமனியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துச் சின்ன அளவில் போட்ட இரண்டாவது ஊசிக்கு அரை மணிக்குள் செத்தது. பழகப் பழக உடம்பு தாங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. அதைக் கண்டுசொன்னதற்கு ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது. நான் அந்தப் பழைய எதிர்பார்ப்பிலேயே இருந்தேன்.

இரண்டாவது கொட்டு தேன் எடுக்கிற அன்று. மேல் அறைச் சட்டங்களை உருவி, அடை மூடியைச் சீவி, இயந்திரத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் கட்டன் சாயா கொண்டுவந்தாள். தேன் எடுக்கிற அன்று பெட்டிகள் கொஞ்சம் கடுப்பில் இருக்கும். வராதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சாயா கேட்டதே நான்தான். கழுத்தின் பக்கவாட்டில் கொட்டியது.

அப்போது நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தவறு, ஒவ்வொன்றையும் தெரிந்தவன் என்ற தோரணையோடு செய்தேன்.

கொடுக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, பை நசுங்கி நஞ்செல்லாம் உள்ளே இறங்கிவிடும், கத்தி முனையால் பக்கவாட்டில் வழிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பலரிடம் சொல்லியும் இருந்தேன். அவள் கையை உயர்த்திப் பிடுங்கப் போனாள். "தொடாத, தொடாத" என்று தடுத்துவிட்டுக் கத்தியைத் தேடப் போனேன். அடை சீவுகிற கத்தியில் தேன் பிசுபிசுத்தது. அதைக் கழுவினேன். கழுவிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் அவள் கழுத்தில் கொடுக்கு இருந்தது. வேலைக்காரத் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. தோலில் மாட்டிக்கொண்டு, நஞ்சுப் பையோடும் தசையோடும் தேனீயின் வயிற்றிலிருந்து பிய்ந்து வந்துவிடும். பிய்ந்த பிறகும் அந்தத் தசை தானாக இயங்கி நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். 20 விநாடிக்குள் 90 சதவீதம் இறங்கிவிடுகிறது. கொடுக்கை எடுக்கும் முறையையும் நேரத்தையும் 1996ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். கிள்ளி எடுத்தாலும் வழித்து எடுத்தாலும் வீக்கத்தில் வேறுபாடில்லை. தாமதித்தால்தான் வீக்கம் கூடுகிறது. நான் தடுக்காமல் இருந்திருந்தால் அவள் விரல் என் கத்தியைவிட நல்ல மருத்துவம் செய்திருக்கும்.

அவளைப் பெட்டிகளின் அருகிலேயே நிறுத்தியும் வைத்திருந்தேன். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ மணம் போல ஒன்று கிளம்பும். மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கிற ரசாயனம் அது. நாங்கள் பெட்டி திறக்கும்போது போடுகிற புகை அந்த அழைப்பைத்தான் மறைக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும், முதலில் அவளை அந்த இடத்தைவிட்டு நகர்த்தத் தோன்றவில்லை.

அடுத்தது சுண்ணாம்பு. அம்மாவின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து விரலில் வழித்துவந்து கழுத்தில் பூசினேன். தேனீ கொட்டினால் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. கேட்க அழகான கணக்கு. ஆனால் நஞ்சில் வேலை செய்வது மெலிட்டின், பாஸ்போலிபேஸ் போன்ற புரதங்கள். அவை தோலுக்கு அடியில் இறங்கிவிட்ட பிறகு மேலே எதைப் பூசினாலும் போய்ச் சேராது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வெங்காயம், இரும்புத் தேய்ப்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சாதாரணக் கொட்டு தானாக ஆறுவதால் பூசியதற்குப் பேர் கிடைக்கிறது. சுண்ணாம்பு அவள் கழுத்துத் தோலை வேறு பொத்துவிட்டது.

பூசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையும் உள்ளங்காலும் ஊறுகிறது என்றாள். வயிற்றைப் பிசைகிறது, வெளியே போக வேண்டும் என்றாள். இரும ஆரம்பித்தாள். குரல் மாறியது. பிறகு, "எனக்கு என்னமோ ஆவப்போவுது" என்றாள். நான் சொன்ன பதில், "ஒண்ணுமில்லட்டி, பயந்து போயிட்ட." ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்று நோயாளிக்குத் தோன்றுவதும் இந்த ஒவ்வாமையின் அறிகுறிகளில் ஒன்றாக மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. பயத்தால் அறிகுறி வரவில்லை, பயமே அறிகுறி. தண்ணீரோடு ஒரு செட்டிரிசின் கொடுத்தேன். வாந்தி எடுத்தாள்.

கடைசியாகச் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். அவளைத் தூக்கி நிறுத்தி, ஆட்டோ நிற்கும் ரோட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். தோட்டத்திலிருந்து ரோடு ஏற்றம். பாதியில் கண் செருகிச் சரிந்தாள். இந்த ஒவ்வாமையில் ரத்தக் குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து ரத்த அழுத்தம் வீழ்கிறது. படுத்திருந்தால் இருக்கிற ரத்தமாவது இதயத்துக்கு வரும். எழுப்பி நிறுத்தினால் அதுவும் காலில் இறங்கிவிடும். இப்படி எழுந்து உட்கார்ந்த, எழுந்து நின்ற நொடியில் இதயம் நின்று இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். எந்த நிலையிலும் நடக்க வைக்கக் கூடாது. 108க்கு அடித்து வண்டியைத் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. சரிந்தவளைத் தூக்கிப் போனவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து, தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி போட்டார். அட்ரினலின். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கிற மருந்து. பெரியவருக்கு அதில் பாதி, குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி. கேட்கவில்லையென்றால் 5 முதல் 15 நிமிடத்துக்குள் மறுபடி போட வேண்டும். அவளுக்கு மறுபடி போட வேண்டியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று மருத்துவர் கேட்டார். அட்டெனலால். அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அட்ரினலின் முழுதாக வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் கடுமையாகலாம் என்றார். தேனீக்காரன் வீட்டில் அந்த மாத்திரை இருப்பதை யாரும் யோசித்ததில்லை. பிறகு அதை மாற்றிக் கொடுத்தார்கள்.

ஊசிக்குப் பிறகு அவள் முகத்தில் நிறம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் தடிப்பையும் அரிப்பையும்தான் குறைக்கும். அடைபடும் மூச்சுக்குழாயையும் வீழும் ரத்த அழுத்தத்தையும் நிமிடங்களில் தூக்கி நிறுத்துவது அட்ரினலின்தான். கொட்டு ஒவ்வாமையால் இறப்பவர்களில் பலருக்குக் கால் மணி நேர அளவிலேயே இதயம் நின்றுவிடுகிறது. நான் கத்தி கழுவிய நேரத்தையும் சுண்ணாம்பு தேடிய நேரத்தையும் இதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "இதுக்கு முன்னால கொட்டியிருக்கா? அப்ப உடம்புல எதாவது வந்துதா?" என் மச்சினன் பக்கத்தில் நின்றான். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று அழுதுகொண்டே ஓடிவந்தவன். "அத்தானுக்குத் தேனீயப் பத்தித் தெரியாததில்ல சார்" என்று மருத்துவரிடம் அவனே சொன்னான். அந்த வாக்கியத்துக்குப் பிறகு, போன தடவை உடம்பெல்லாம் தடித்தது, நான் மீன் என்று சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? "கொட்டியிருக்கு சார். ஒண்ணும் வந்ததில்ல" என்றேன். அவள் கண் மூடிக் கிடந்தாள். கேட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார் மருத்துவர். அதற்கும் நான் ஒப்பவில்லை. முதல் தடவைதானே சார், இப்போது நன்றாக இருக்கிறாளே என்றேன். அதாவது என் பொய்யை நானே சாட்சிக்கு அழைத்தேன். எடுத்த அடைகள் மூடாமல் கிடந்தன, எறும்பு ஏறிவிடும், திறந்து வைத்த பெட்டியில் வேறு கூட்டம் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கும். என் அவசரம் அதுதான். கையெழுத்துப் போட்டு இருட்டுவதற்குள் கூட்டிவந்துவிட்டேன்.

நள்ளிரவில் அவளுக்கு மறுபடி தடித்தது, மூச்சு இழுத்தது. ஒருமுறை அடங்கிய ஒவ்வாமை, புதிதாகக் கொட்டாமலேயே, பெரும்பாலும் சில மணி நேரத்திலும் அரிதாக 72 மணி நேரம் வரையிலும் திரும்பி வரும். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில். இந்த முறை கேள்வியை அவளிடமே கேட்டார்கள். "போன தடவையும் வந்துச்சு டாக்டர். வயிறெல்லாம் தடிச்சுது. மீனுன்னு சொன்னாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. மருத்துவர் என்னைப் பார்த்தார். மச்சினனும் பார்த்தான். அவன் என்னோடு சரியாகப் பேச ஆரம்பிக்கவே வெகுநாள் ஆயிற்று.

பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்த இரவு தடிப்பு திரும்பியிருக்கும் என்று இன்னொரு மருத்துவர் பின்னால் சொன்னார். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. திரும்பி வரும்போது அவள் ஆக்சிஜன் பக்கத்தில் இருப்பாளா, இருட்டுக்குள் ரப்பர்த் தோட்டத்து வீட்டில் இருப்பாளா என்பதைத் தீர்மானித்தது நான்தான்.

இப்போது அவள் கைப்பையில் அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்து, போடும் முறையை எனக்கும் மகனுக்கும் கற்றுக்கொடுத்தார். அழுத்தினால் தானே ஏறும் பேனா ஊசி வெளிநாடுகளில் பரவலாக உண்டு. நம் ஊர் மருந்துக் கடையில் கேட்டால் எளிதில் கிடைக்காது. குப்பி மலிவு. வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், மருந்து நிறம் மாறினால் எறிந்துவிட வேண்டும், தேதி பார்க்க வேண்டும். ஊசி போட்டபின்பும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். தேனீ நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் பல மாதம் ஏற்றி, பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடர்ந்து செலுத்துகிற சிகிச்சையும் உண்டு. பெரும்பாலானவருக்குப் பலிக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் ஆபத்தான கொட்டு ஒன்று இருக்கிறது. பாலத்தடியிலும் ஆலமரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் தொங்குகிற மலைத்தேனீ கலைந்தால் நூற்றுக்கணக்கில் கொட்டும். எங்கள் பக்கம் கடந்தை என்றும் தஞ்சை, அரியலூர்ப் பக்கம் கதண்டு என்றும் சொல்கிற பெருங்குளவிக்குக் கொடுக்கு மாட்டாது, ஒன்றே பலமுறை கொட்டும். இங்கே நஞ்சின் அளவே எமன். தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனாலோ குறைந்தாலோ டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்தும் வரும். பத்து, இருபதைத் தாண்டிக் கொட்டு வாங்கியவர், குழந்தை என்றால் அதற்கும் குறைவாக வாங்கியவர், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வாய்க்குள், தொண்டையில், கண்ணில் கொட்டினாலும் அப்படியே. தேனீக் கூட்டம் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், கதவுள்ள இடத்துக்கு. குளத்தில் குதித்தால் தலை தூக்கும்வரை மேலே காத்திருக்கும்.

பெட்டிகளை விட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். விடவில்லை. விட்டிருக்க வேண்டும் என்று மச்சினன் நினைக்கிறான். அவன் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டிலிருந்து தள்ளி நண்பரின் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். சட்டையையும் வலையையும் அங்கேயே துவைத்து, அங்கேயே குளித்து, வேறு துணியில் வீடு திரும்புகிறேன். என் துணியை நானே துவைக்க ஆரம்பித்ததற்கு இப்படி ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது. தேன் எடுக்கிற காலத்தில் அவள் சன்னலைச் சாத்திவைக்கிறாள். என் ஆசைக்கு அவள் இன்னும் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். சூரை மட்டும் மறுபடி வாங்குகிறோம். அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை.

தேனீ வளர்க்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டில் யாருக்காவது கொட்டி, கொட்டாத இடத்தில் தடிப்போ, குரலில் மாற்றமோ, மூச்சுத் திணறலோ, தலைசுற்றலோ ஒருமுறை வந்திருந்தால், அது லேசாக வந்து தானே அடங்கியிருந்தாலும், மறுபடி கொட்டும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வீட்டு மருந்து என்ன பூசினீர்கள், எவ்வளவு நேரம் தாமதித்தீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் மறைக்காதீர்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் விலகி நின்று, கொட்டு வாங்கியவரைப் பேச விடுங்கள்.